பொறுத்துக்கோ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நம் வீட்டுப் பெண்களுக்கு எத்தனையோ அறிவுரை கிடைக்கிறது. மாமியாரிடம் எப்படிப் பேச வேண்டும், காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், நகையை எங்கே பத்திரப்படுத்த வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். உடலுறவைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரிதான். அதையும் சித்தியோ அக்காவோ காதோடு காதாகச் சொல்வார்கள்: "முதல்ல கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ."

நான் டெல்டா பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். அந்த ஒரு வரி செய்கிற கெடுதலைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது என்று சொல்லும் பெண்கள் வருகிறார்கள். அதற்காக வருவதில்லை; வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று வருகிறார்கள். பேச்சோடு பேச்சாகக் கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தானே டாக்டர்?" என்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. உடலுறவில் தொடர்ந்து வலி இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் வைத்தியமும் இருக்கும். பெண்ணின் தாம்பத்திய சுகம் என்று பேச ஆரம்பித்தால் எல்லாரும் ஆசையில் தொடங்குவார்கள், உச்சகட்டத்தில் முடிப்பார்கள். நான் வலியில்தான் தொடங்குவேன். வலிக்கும் என்று தெரிந்த ஒன்றின் மேல் எந்த உடம்புக்கும் ஆசை வராது.

குழந்தை இல்லை என்று வருகிற தம்பதிகளிடம் இது அடிக்கடி வெளிப்படும். கையில் தடிமனான ஃபைல் இருக்கும். தைராய்டு, ப்ரோலாக்டின், ஏ.எம்.ஹெச்., ஸ்கேன், கணவரின் விந்துப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகியிருக்கும். எல்லாமே நார்மல். வாரத்துக்கு எத்தனை தடவை சேர்கிறீர்கள் என்று கேட்டால் "ரெண்டு தடவை மேடம்" என்று மனப்பாடமாகப் பதில் வரும். ஏற்கெனவே நாலு இடத்தில் சொன்ன பதில் அது. கூட வந்த பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கணவரையும் சற்று நேரம் அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் மட்டும் நேராகக் கேட்க வேண்டும்: "உள்ளே போகுதாம்மா?" அதற்கப்புறம்தான் அழுகை வரும். கல்யாணமாகி மூன்று, நான்கு வருஷம் ஆகியிருக்கும், ஒரு தடவைகூட முழுதாகச் சேர்ந்திருக்க மாட்டார்கள். இருவருமே அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதில் பெரும்பாலும் நான் பார்ப்பது வஜைனிஸ்மஸ் என்ற பிரச்சினை. தூசி வரும்போது இமை தானாக மூடிக்கொள்கிற மாதிரி, ஏதாவது உள்ளே வரப்போகிறது என்று உணர்ந்ததும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தானாக இறுகிவிடும். அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதில்லை, அவளால் நிறுத்தவும் முடியாது. பரிசோதனை மேஜையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நான் தொடுவதற்கு முன்பே தொடைகள் சேர்ந்துகொள்ளும். இடுப்பு மேஜையை விட்டு மேலே எழும்பும். கால் விரல்கள் சுருண்டிருக்கும், மூச்சு நின்றிருக்கும், ஒரு கை மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாய் மட்டும் "பரவாயில்ல மேடம், நீங்க பாருங்க" என்று சொல்லும். பொறுத்துக்கோ என்ற பாடம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

அந்த நிலையில் நான் பரிசோதனையைத் தொடர்வதில்லை. முதல் நாள் பேச்சு மட்டும்தான். படம் வரைந்து காட்டுவேன், எது எங்கே இருக்கிறது என்று. சிறுநீர் வரும் துவாரமும் மாதவிடாய் வரும் துவாரமும் வேறு வேறு என்பதே பட்டதாரிப் பெண்கள் சிலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது. வீட்டில் ஒரு கைக்கண்ணாடி வைத்துத் தன்னைத் தானே பார்க்கச் சொல்வேன். அடுத்து மூச்சு. வயிறு எழும்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, விடும்போது அடிப்பகுதியைத் தளர்த்தப் பழக வேண்டும். அது கைவந்த பிறகு ஜெல் தடவிய சுண்டுவிரல், அவளுடைய சொந்த விரல். அப்புறம் டைலேட்டர்: விரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் வழவழப்பான குழாய்கள், செட்டாகவே கிடைக்கும். தினம் சில நிமிஷம் போதும். ஒரு அளவு பழகிச் சலித்துப்போன பிறகுதான் அடுத்தது.

இந்த நாட்களில் கணவருக்கு நான் போடும் ஒரே நிபந்தனை, சேர முயற்சியே செய்யக் கூடாது என்பது. கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ராத்திரி என்றாலே பரீட்சை என்ற பயம் இதனால் விலகும். வருஷக்கணக்கில் பக்கத்தில் வரவே பயந்த பெண்கள் தாங்களாகக் கையைப் பிடிக்கிறார்கள். ஒரு கணவர் டைலேட்டர் டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பட்டுப்புடவைக் கடைப் பையைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அவரே தூக்கிக்கொண்டு வருவார். அவள் கையில் அதைக் கொடுத்துக் கூச்சப்பட வைக்கக் கூடாது என்று அவருக்கு எண்ணம். அந்த மாதிரி துணை இருந்தால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பழைய காயம், சின்ன வயதில் நடந்த அத்துமீறல் போன்றவை அடியில் இருந்தால் மனநல ஆலோசனையும் சேர வேண்டும். தசை இறுக்கம் மிகக் கடுமையாக உள்ள சிலருக்கு, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் உதவுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. யூடியூபைப் பார்த்துவிட்டு கீகல் பயிற்சி செய்கிறார்கள். அது தசையை இறுக்கும் பயிற்சி. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசைக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. பெண்களின் இடுப்புத்தளத் தசைக்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்வது நல்லது. இரண்டாவது, "சின்ன ஆபரேஷன், கன்னித்திரையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் போதும்" என்ற யோசனை. கன்னித்திரையிலோ துவாரத்திலோ பிறவிக் குறை இருப்பவர்கள் மிகச் சிலர், அவர்களுக்குத்தான் அது பொருந்தும். மற்றவர்களுக்கு மயக்க மருந்து தெளிந்ததும் தசை பழையபடி இறுகும், கூடுதலாகத் தையல் வலியும் சேரும்.

கன்னித்திரை என்று வந்ததால் ரத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலிரவில் ரத்தம் வந்தே தீர வேண்டும் என்பதில் உண்மை இல்லை. கன்னித்திரை நடுவில் இடைவெளி உள்ள, நெகிழக்கூடிய ஒரு சவ்வு. ரத்தமே வராத பெண்கள் ஏராளம். சவ்வைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டிருக்கிறாளா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு முடிவு கட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டது. பாலியல் வன்முறை வழக்குகளில் பெண்ணுறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்வது தவறான நடத்தையாகக் கருதப்படும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2022 அக்டோபரில் சொல்லிவிட்டது. இருந்தும் முதலிரவு முடிந்த காலையில் விரிப்பைப் பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

வலி என்றால் எல்லாம் தசை இறுக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கே வலிக்கிறது என்பது முக்கியம். வாசலிலேயே எரிச்சல் என்றால் தொற்று, வறட்சி, தோல் நோய், பழைய தையல் தழும்பு என்று தேட வேண்டும். உள்ளே ஆழத்தில், அடிவயிற்றில் குத்துகிறது, மாதவிடாயின் போதும் தாங்க முடியவில்லை என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிச்சலோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கழுவ என்ன போடுகிறீர்கள் என்பதைத்தான். சோப்பு, வாசனைத் திரவம், சில பேர் மக்கில் கிருமிநாசினி கலந்துகூட ஊற்றுகிறார்கள். பெண்ணுறுப்பின் உட்பகுதி இயல்பாகவே அமிலத்தன்மை உள்ளது, நல்ல பாக்டீரியாக்கள் அதைக் காக்கின்றன. உள்ளே எதையும் போட்டுக் கழுவத் தேவையே இல்லை. வெளியே வெறும் தண்ணீர் போதும்.

பிரசவத்துக்குப் பிறகு நடப்பது தனிக் கதை. ஆறு வாரம் கழித்துச் சேரலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஆறு வாரத்தில் தையல் ஆறியிருக்கலாம், பெண் ஆறியிருக்கிறாளா என்று யாரும் கேட்பதில்லை. தாய்ப்பால் கொடுக்கும்போது பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோன் உயர்ந்து, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும். அதனால் உறுப்பு வறண்டிருக்கும், ஆசையும் குறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கொடுப்பவளுக்குத் தூக்கம்தான் பெரிய சுகம். தாய் வீட்டிலிருந்து திரும்பிய மனைவிக்கு ஏன் நாட்டமில்லை என்று கணவர்கள் மனம் சுருங்குகிறார்கள். உடம்பு அப்படி அமைந்திருக்கிறது, அது மாறும் என்று நேரில் உட்கார வைத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

மாதவிடாய் நின்ற பிறகும் அதே வறட்சி வரும். இந்த முறை அது தானாகப் போகாது. நம் நாட்டில் 46, 47 வயதை ஒட்டியே சராசரியாக நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் உட்சுவர் மெலிந்து, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, சேரும்போது கீறுகிற மாதிரி வலி எல்லாம் வரும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லே பாதி வேலையைச் செய்யும். தேங்காய் எண்ணெயும் பலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஆணுறை போடுகிறவர்களுக்கு அது ஆகாது, எண்ணெய் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரைப் பலவீனமாக்கும். ஜெல் போதவில்லை என்றால் உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, மருத்துவர் எழுதித் தருவார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இந்த வயதில் இதையெல்லாம் கேட்கலாமா என்று கூசிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கேளுங்கள் அம்மா, அறுபது வயதிலும் கேளுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தாம்பத்தியமே போய்விடும் என்ற பயமும் இங்கே பரவலாக இருக்கிறது. அளவுக்கு மீறிய ரத்தப்போக்காலும் வலியாலும் அவதிப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நிலைமை மேம்படவே செய்கிறது. கேட்க வேண்டிய கேள்வி சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா, எடுத்தால் ஏன் என்பது. அவை போனால் ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் சரியும்.

சரி, வலி இல்லை. இன்பம் தானாக வந்துவிடுமா என்றால் அதற்கும் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. பெண்ணின் இன்பத்துக்கென்றே இருக்கும் உறுப்பு கிளிட்டோரிஸ். வெளியே மொட்டு அளவுக்குத் தெரிவது அதன் நுனி மட்டும். உள்ளே இரண்டு பக்கமும் கிளை விரிந்து பல சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. இதன் முழு அமைப்பை விளக்கி ஆஸ்திரேலியாவின் சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானல் கட்டுரை வெளியிட்டது 1998-ல். ஆண்களுக்கான வயாகரா அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதே வருஷம். ஒரு பக்கம் மாத்திரையே வந்துவிட்டது, இன்னொரு பக்கம் உறுப்பின் வரைபடமே அப்போதுதான் சரியாக வருகிறது.

அமெரிக்காவில் 52,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்பாலின உறவில் இருக்கும் ஆண்களில் 95 சதவீதம் பேர் எப்போதும் அல்லது பெரும்பாலும் உச்சகட்டம் அடைவதாகச் சொன்னார்கள். எதிர்பாலின உறவில் இருக்கும் பெண்களில் 65 சதவீதம். பெண்ணோடு உறவில் இருக்கும் பெண்களிலோ 86 சதவீதம். பெண் உடம்பே மந்தமானது என்று சொல்கிறவர்கள் இந்தக் கடைசி எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். வித்தியாசம் என்ன செய்கிறோம், எவ்வளவு நேரம் செய்கிறோம், கேட்டுச் செய்கிறோமா என்பதில் இருக்கிறது. இன்னொரு அமெரிக்க ஆய்வில், வெறும் சேர்க்கை மட்டுமே போதும் என்று சொன்ன பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மற்ற பலருக்கு கிளிட்டோரிஸில் தொடுதல் தேவைப்பட்டது. ஆகவே "எனக்கு எதுவுமே வருவதில்லை, என்னிடம் குறையா?" என்று கேட்கும் பெண்ணுக்கு என் பதில்: தேவையானதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், உன்னிடம் குறையில்லை.

எது பிடிக்கும் என்று கணவரிடம் சொல்ல வேண்டுமானால் முதலில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் உடம்பைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது பாவம் என்றே வளர்த்திருக்கிறோம். மனைவி சுயஇன்பம் செய்கிறாள் என்று குற்றம்சாட்டி விவாகரத்து கேட்ட ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அது கணவருக்குச் செய்யும் கொடுமை ஆகாது, ஆண்கள் செய்வதை இயல்பென்று ஏற்கும் சமூகம் பெண்களை மட்டும் இழிவாகப் பார்க்க முடியாது, மனைவியான பிறகும் அவள் தனி மனுஷிதான் என்பது தீர்ப்பின் சாரம். இதை எங்கள் ஊர்ப் பெண்கள் சிலரிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது.

ஆசை வரும் வழியும் எல்லாருக்கும் ஒன்றில்லை. கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-ஐ ஒட்டி இதைத் தெளிவாக எழுதினார். நீண்ட கால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை முன்னால் வருவதில்லை. நெருக்கம், தொடுகை, நிம்மதியான நேரம் இவை அமைந்த பிறகு பின்னால் வருகிறது. அதனால் தானாக ஆசை தோன்றவில்லை என்பதையே நோயாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதைக் காரணம் காட்டி "ஆரம்பிச்சா சரியாகிடும்" என்று அவளை வற்புறுத்தவும் கூடாது. அவள் நிம்மதியாக இருந்து, மனமுவந்து சம்மதிக்கும்போதுதான் இது நடக்கும்.

அந்த நிம்மதிக்குத்தான் எங்கள் ஊர் வீடுகளில் பஞ்சம். ஒற்றை அறை வீடு, பக்கத்தில் பிள்ளைகள், கதவுக்கு அந்தப் பக்கம் மாமனாரின் இருமல். காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 2024-ல் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். வீட்டு வேலை முழுக்கத் தன் தலையில் விழுகிறது என்று நினைக்கும் பெண்களுக்குத் துணைவர் மேல் நாட்டம் குறைவதை 2022-ல் வெளியான ஆய்வு ஒன்றும் காட்டியது. என்னிடம் வருகிறவர்கள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: "பாத்திரம் கழுவிட்டு வந்து படுத்தா கண்ணு சொக்குது மேடம்."

குடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கணவர் பக்கத்தில் வந்தாலே குமட்டுகிறது என்று சொல்லும் பெண்களிடம் ஹார்மோன் டெஸ்ட் எழுதிப் பயனில்லை. டாஸ்மாக் நாற்றத்தோடு வந்து விழுகிற ஆளை விரும்ப வைக்கும் மாத்திரையை யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் வேண்டாம்.

கர்ப்ப பயம் இன்னொன்று. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். ஆபரேஷன் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் நாள் எண்ணிக்கொண்டே படுக்கிற பெண்ணால் எப்படி லயிக்க முடியும்? காப்பர் டி, ஊசி, மாத்திரை, ஆணுறை என்று நம்பகமான ஏதாவது ஒன்று கையில் வந்த பிறகு முகமே மாறிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்ஸ்டின், செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்றவை உச்சகட்டத்தைத் தாமதப்படுத்தலாம், ஆசையைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அதே குடும்பநலக் கணக்கெடுப்பில், விருப்பமில்லாதபோது கணவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்றவர்கள் 82 சதவீதம். மீதிப் பேரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மனைவி 18 வயதுக்கு மேல் என்றால் கணவரின் கட்டாய உறவை நம் சட்டம் இன்றும் வன்புணர்வாக எடுத்துக்கொள்வதில்லை. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 63-வது பிரிவில் அந்த விலக்கு அப்படியே தொடர்கிறது. ஆனால் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் வன்முறைதான். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

மருத்துவரிடம் போக முடிவு செய்தால் ஒன்றிரண்டு விஷயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் வெள்ளைப்படுதல் என்று தொடங்காமல் "சேரும்போது வலிக்குது" என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; நேரம் மிச்சமாகும், தேவையில்லாத டெஸ்டும் குறையும். எப்போதிலிருந்து, வாசலிலா ஆழத்திலா, ஒவ்வொரு தடவையுமா என்று முந்தின நாள் யோசித்து வையுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். உள் பரிசோதனை முதல் நாளே அவசியமில்லை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். செய்யும்போது பெண் செவிலியர் கூட இருக்கச் சொல்லலாம். பரிசோதனைக் கருவியில் சின்ன அளவும் இருக்கிறது, அதைக் கேளுங்கள். பாதியில் வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்த வேண்டியது எங்கள் கடமை. "எல்லாம் போகப் போகச் சரியாகிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.